சனிக்கு டச்சப் கூடாது

என் தொழில் கல்யாணப் போட்டோ. வாணியம்பாடியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. மணப்பெண் கன்னத்துப் பருவை எடுப்பது, மாப்பிள்ளை கழுத்து வியர்வையை மறைப்பது, மண்டபத்து மஞ்சள் விளக்கில் செத்துப்போன பட்டுப்புடவைச் சிவப்புக்கு உயிர் கொடுப்பது எல்லாம் எனக்கு அத்துப்படி. வானத்தைப் படமெடுக்கக் கற்றுக்கொள்ளப் போனபோது பாதி வித்தை ஏற்கெனவே கையில் இருக்கிறது என்ற நினைப்பில்தான் போனேன். அந்தப் பாதிதான் கடைசிவரை காலை வாரியது.

கொரோனா ஊரடங்கில் முகூர்த்தங்கள் சுருங்கிப்போன 2021ஆம் ஆண்டு அது. கையில் வேலை இல்லை, கேமரா மட்டும் இருந்தது. ஆலங்காயத்தில் ஒரு பெரியவர் தொலைநோக்கிக் கண்ணாடியைத் தானே தேய்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். லேத் பட்டறை நடத்திவிட்டு, வயதானதும் அதை மகனிடம் ஒப்படைத்தவர். ஊரில் அவருக்கு ‘லேத் ஐயா’ என்றே பெயர். ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைப் பக்கம் ஏறினால் காவலூர். அங்கே வைனு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986இல் திறந்தபோது வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் ஐயாவும் ஒருவர். மற்றவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்கள். இவருக்கு மட்டும், அவ்வளவு அகலக் கண்ணாடியை எப்படித் தேய்த்திருப்பார்கள் என்ற கேள்வி ஒட்டிக்கொண்டது. அன்று தொடங்கியது, இன்னும் கார்போரண்டம் தூளும் கையுமாகத்தான் இருக்கிறார்.

என் கேமராவை வாங்கிப் பார்த்தார். “நல்லா இருக்கு தம்பி. வீட்ல வச்சிட்டு வா” என்றார்.

அடுத்த பல வாரங்கள் பென்சில்தான். வியாழனைக் கண்ணால் பார்த்து வரைய வேண்டும். ஒரு வளையலைத் தாளில் வைத்து வட்டம் போட்டு அவரே கொடுப்பார். அதற்குள் நான் பட்டைகளை வரைய வேண்டும். தொலைநோக்கி அவர் செய்தது. 8 அங்குலக் கண்ணாடி, பிளைவுட் பெட்டி, கையால் தள்ளித் திருப்பும் டாப்சன் வகை. அந்த அமைப்பைப் பரப்பிய ஜான் டாப்சன், சான்பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். ஒட்டுப்பலகையிலும் கழிவுக் கண்ணாடியிலும் தொலைநோக்கி செய்து நடைபாதையில் வைத்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியவர்.

நான் வரைந்துகொண்டே இருந்தேன். இரண்டு பட்டை, சில நாள் மூன்று. ஐயா எதையும் சொல்லாமல் வாங்கி அடுக்கி வைத்துக்கொள்வார். ஒரு நாள் அத்தனை தாளையும் எடுத்துப் போட்டு, “இதுல ஒண்ணு எல்லாத்துலயும் தப்பா இருக்கு. என்னன்னு சொல்லு” என்றார். பட்டையின் தடிமன், நிறம், இடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் இல்லை. தவறு வட்டத்திலேயே இருந்தது. வியாழன் முழு உருண்டை அல்ல. 9 மணி 55 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே சுற்றும் வேகத்தில் நடுவயிறு பிதுங்கி, துருவங்கள் அமுங்கிப் போன கோள் அது. நடுக்கோட்டு விட்டம் ஏறக்குறைய 1,43,000 கிலோமீட்டர், துருவ விட்டம் அதைவிட 9,000 கிலோமீட்டருக்கு மேல் குறைவு. ஐபீஸில் பார்த்தால் அந்தத் தட்டை நன்றாகவே தெரியும். ஐயா வேண்டுமென்றேதான் வளையல் வட்டம் கொடுத்திருக்கிறார். கொடுத்த சட்டத்துக்குள் வியாழனைத் திணித்தேனே தவிர, நான் வியாழனைப் பார்க்கவில்லை. முகம் பார்த்தே பிழைப்பவன் என்பதால் வெட்கமாக இருந்தது.

பென்சில் நாட்களில் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்தது. கோள் பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீருக்கடியில் கிடக்கும் காசு மாதிரி நெளிந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒரு நொடி, அரை நொடி, காற்று நிற்கும். அந்த நேரத்தில் பட்டையின் ஓரத்துச் சுருள்கள்கூடத் தெரியும், உடனே கலைந்துவிடும். அந்த அரை நொடிக்காகக் காத்திருக்கக் கற்ற பிறகுதான் கேமராவைக் கொண்டுவரச் சொன்னார்.

கேமரா வந்ததும் எல்லாம் கெட்டது. என் வீட்டு மொட்டைமாடியில் வைத்து எடுத்த படங்களில் வியாழன் கொதித்துக்கொண்டிருந்தது. வீடியோவாக எடுத்தும் பயனில்லை. தொலைநோக்கியைச் சந்தேகப்பட்டேன், கேமராவைச் சந்தேகப்பட்டேன், பிம்பத்தைப் பெரிதாக்கும் பிரமாதமான புதுப் பார்லோ லென்ஸ் ஒன்று வாங்கினேன். அப்போதும் அதே கொதிப்பு. ஐயா ஒரு மாலை மாடிக்கு வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். தளத்தில் வெறுங்காலை வைத்தால் இரவு ஒன்பது மணிக்கும் சூடு. பகலெல்லாம் வெயில் குடித்த சிமென்ட் அதை இரவு முழுக்க மேலே விட்டுக்கொண்டிருக்கிறது. என் தொலைநோக்கி அந்தச் சூட்டின் வழியாகத்தான் வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதை நம்பாத மாதிரி என் முகம் இருந்ததோ என்னவோ, மறுநாள் பட்டறைக்கு அழைத்தார். தேய்த்து முடித்த கண்ணாடியைச் சோதிக்க அவர் வைத்திருக்கும் ஏற்பாட்டில் ஒரு சின்ன விளக்கும் சவர பிளேடும்தான். கண்ணாடியிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் பிளேடின் விளிம்பால் பாதி மறைத்துப் பார்த்தால், பரப்பின் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். ஃபூக்கோ சோதனை என்பார்கள். கண்ணாடிக்கு முன்னால் என் கையை நீட்டச் சொன்னார். விரல்களிலிருந்து காற்று நெளிந்து நெளிந்து மேலே போவதைப் பார்த்தேன். என் கைச் சூடு! “இவ்வளவுக்கே இப்படின்னா, உன் மாடி எவ்வளவு கெடுக்கும்?” என்று கேட்டுவிட்டு டீ வாங்கிவரப் போய்விட்டார். அதன் பிறகு இடம் தேடும்போது முதலில் செருப்பைக் கழற்றுவது வழக்கமாகிவிட்டது. மாந்தோப்பு ஓரத்துப் புல்தரையில் பாதம் குளிர்ந்தது. அங்கேதான் இப்போதும் எடுக்கிறேன். கண்ணாடியும் பகல் சூட்டிலிருந்து இறங்க வேண்டும் என்பதால், படமெடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே குழாயைத் திறந்து வெளியே வைத்துவிடுவேன்.

அடுத்தது குவியம். ஃபோகசரின் குமிழைத் திருப்பும்போது, திசை மாற்றியதும் கொஞ்ச தூரம் கை வெறுமனே சுற்றும், எதுவும் நகராது. லேத்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பேக்லாஷ், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் வெற்று ஆட்டம். எனக்கு அது தெரியாததால் கூர்மையான இடத்தைத் தாண்டிவிட்டு, திரும்பி வந்து, மறுபடி தாண்டி, இரவுகள் போயின. ஐயாவின் விதி எளியது: எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வா. எடை கீழே இழுக்கிறது என்றால் அதை எதிர்த்து மேலே ஏற்றிக்கொண்டே குவியத்துக்கு வா. தாண்டினால் நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, புதிதாக ஏறி வா. பல் பிடித்திருக்கிறது என்பதை விரல் நுனியில் ஒரு மெல்லிய இறுக்கமாக உணரலாம். அந்த இறுக்கம் இல்லாமல் எடுத்த படம் மங்கலாகத்தான் இருக்கும்.

கண்ணாடியின் பின்னால் மூன்று திருகுகள் உண்டு. அவற்றால் அச்சைச் சீராக்குவதைக் காலிமேஷன் என்பார்கள். நட்சத்திரத்தைக் கொஞ்சம் குவியம் தவறவிட்டுப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும். அவை ஒரே மையத்தில் இருந்தால் சரி, ஒரு பக்கம் நெருங்கியிருந்தால் திருக வேண்டும். கால் சுற்றுக்கும் குறைவாக. நான் ஆரம்பத்தில் முழுச் சுற்று திருகி, நட்சத்திரத்தையே தொலைத்துவிட்டு, தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வியாழன் தென்னை மரத்துக்குப் பின்னால் போய்விடும்.

படமெடுக்கும் முறையைச் சொன்னால் என் தொழில்காரர்கள் சிரிப்பார்கள். கோள்களை ஒரே கிளிக்கில் எடுப்பதில்லை. நொடிக்குப் பல பத்துப் படங்கள் வரும் வீடியோவாக எடுத்து, ஆயிரக்கணக்கான படங்களில் காற்று நின்ற நொடியில் விழுந்தவற்றை மட்டும் மென்பொருளால் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பென்சிலோடு நான் காத்திருந்த அதே அரை நொடிகளைத்தான் ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற அந்த மென்பொருள் பொறுக்குகிறது. டாப்சனில் மோட்டார் கிடையாது. பூமி சுற்றுவதால் கோள் அரை நிமிடத்துக்குள் சென்சாரைக் கடந்து ஓடிவிடும். குழாயைக் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்து, அது குறுக்கே நழுவும்போது பதிய வேண்டும். “தள்ளாதே, சாய்” என்பார் ஐயா. உள்ளங்கையின் எடையைக் குழாயின் மேல் மெல்ல விட்டால், டெஃப்லான் துண்டுகள் வழுக்கும் நொடி கைக்குத் தெரியும். வியாழன் சுழலும் வேகத்துக்கு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்ததை ஒன்றாக அடுக்கினால் நுணுக்கம் இழுபட்டுப் போகும். அதற்குள் கிடைத்ததை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனிதான் சனி. அந்த ஆகஸ்டில் சனி 130 கோடி கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருந்தது. அடுக்கி முடித்ததும் வரும் படம் வழவழவென்று மங்கலாக இருக்கும். அதைக் கூர்மையாக்குவதற்கு ரெஜிஸ்டாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் சில பட்டிகளை நகர்த்த வேண்டும். இது என் பேட்டை. நகர்த்தினேன். வளையங்களுக்கு இடையே காசினி இடைவெளி கருகருவென்று வந்தது. இன்னும் நகர்த்தினேன். வெளி வளையத்தில் இன்னொரு மெல்லிய கறுப்புக் கோடு வந்தது. புத்தகத்தைப் புரட்டினேன். என்கே இடைவெளி! அன்றிரவு தூங்கவில்லை. காலையில் பெரிதாகப் பிரின்ட் போட்டு, ஸ்டுடியோ வழக்கப்படி லேமினேஷனும் செய்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஐயா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பட்டறைத் தகரக் கதவில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார். காசினி இடைவெளி சுமார் 4,800 கிலோமீட்டர். 8 அங்குலக் கண்ணாடி அந்தத் தொலைவில் பிரித்துக் காட்டக்கூடியது சுமார் 3,700 கிலோமீட்டர். என்கே இடைவெளி 325 கிலோமீட்டர். “வெளிச்சத்து நடுவுல கறுப்புக் கோடுன்றதால கொஞ்சம் சலுகை உண்டு. பத்து மடங்கு சலுகை கிடையாது.”

நான் விடவில்லை. படத்தில் இருக்கிறதே, நான் வரையவில்லையே என்றேன். உண்மையில் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. அவர் வாதாடாமல் ஒரு வேலை சொன்னார். அதே இரவில் எடுத்த ஏதாவது ஒரு நட்சத்திர வீடியோவை எடு, அதே பட்டிகளை அதே அளவுக்கு நகர்த்து. செய்தேன். வெறும் புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம், அதைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். என் ‘என்கே’ வளையத்தின் விளிம்பிலிருந்து எத்தனை பிக்சல் தள்ளி இருந்ததோ, அத்தனை பிக்சல் தள்ளித்தான் இந்தக் கறுப்பும் இருந்தது. கூர்மையாக்குவது விளிம்பைக் கண்ட இடத்திலெல்லாம் பக்கத்தில் ஒரு பொய் விளிம்பைப் பெற்றுப்போடும் என்று அன்றுதான் புரிந்தது. லேமினேஷனை அவர் திருப்பித் தரவில்லை. பட்டறைச் சுவரில் மாட்டினார். இன்றும் இருக்கிறது. கற்க வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறார். கூடவே என்னையும்.

அதற்கப்புறம் நடந்தது நீண்ட தண்டனை. பழைய வீடியோக்களையெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி அடுக்க வேண்டும். பட்டியை நகர்த்தும்போது “நிறுத்து” என்பார். எனக்கு அந்த இடம் எப்போதும் சீக்கிரமாக, படம் இன்னும் அரைவேக்காடாகவே தோன்றும். பத்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு வீடியோக்களைத் தனித்தனியாகச் செய்து ஒப்பிடச் சொல்வார். இரண்டிலும் இருக்கும் சுருள் நம்பத் தகுந்தது, ஒன்றில் மட்டும் இருப்பது வெறும் இரைச்சல். மணப்பெண்ணின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும், அதை நோக்கித்தான் டச்சப் செய்வேன். சனியையும் அப்படியே புத்தகத்துச் சனியை நோக்கித் தள்ளியிருக்கிறேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

அந்த நாட்களில் ஒருமுறை ஐயா காவலூர்க் கதை சொன்னார். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று உலகமே காத்திருந்தது. காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் நட்சத்திரத்தின் ஒளியைப் பதிந்துகொண்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே பதிவில் சில நொடிப் பள்ளம் ஒன்று விழுந்தது. அதை விட்டுவிடாமல், புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே இரவில் அமெரிக்கக் குழு ஒன்று விமானத்திலிருந்து எடுத்த பதிவில் இப்படிப் பல பள்ளங்கள் கோளின் இருபுறமும் விழுந்திருந்தன. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று தெரியவந்தது அப்படித்தான். “நீயா இருந்தா அந்தப் பள்ளத்த ஸ்மூத் பண்ணியிருப்பே” என்றார் ஐயா. பண்ணித்தான் இருப்பேன்.

கேலக்ஸிகள் வேறு வித்தை. கோளுக்கு வேண்டியது அசையாத காற்று, வானம் கொஞ்சம் மங்கலானாலும் பரவாயில்லை. கேலக்ஸிக்கு இருட்டும் தெளிவும் வேண்டும், பல மணி நேர வெளிச்சம் வேண்டும். பூமி சுற்றும் வேகத்துக்கு எதிராகக் கேமராவைச் சுற்றும் ஈக்குவடோரியல் மவுண்ட் வேண்டும். ஒரு சீசன் கல்யாணக் காசில் பழைய மவுண்ட் ஒன்றும் 80 மில்லிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கி ஒன்றும் வாங்கி, ஜவ்வாது மலை மேலே கொண்டுபோனோம்.

மவுண்ட்டின் அச்சு வான் துருவத்தைப் பார்க்க வேண்டும், துருவ நட்சத்திரத்தை வைத்துச் சரிசெய் என்று கையேடு சொல்கிறது. அதை எழுதியவர்களின் ஊரில் அது பாதி வானம் உயரத்தில் நிற்கும். நம் ஊர் அட்சரேகை பன்னிரண்டரை டிகிரி. அதனால் துருவ நட்சத்திரமும் தொடுவானிலிருந்து பன்னிரண்டரை டிகிரிதான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் பத்து டிகிரி. முஷ்டிக்கு மேலே ஒரு விரல்கடை. அந்த இடத்தில் எங்களுக்கு ஒரு மலைமுகடு. போதாததற்கு, அச்சை அவ்வளவு கீழே சாய்த்ததும் எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடித்தது. இடிப்பை ஐயா லேத்தில் ஒரு துண்டு கடைந்து சரிசெய்தார். நட்சத்திரத்துக்கு டிரிஃப்ட் முறைதான் வழி என்றார். உச்சிக்கோட்டருகே, வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக்கம்பியில் வைத்துக் கவனி. தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. பிறகு கிழக்குவானில் ஒரு நட்சத்திரத்தை வைத்து அச்சின் உயரத்தைச் சரிபார்.

சொல்லும்போது எளிது. ஐபீஸில் திசைகள் தலைகீழாகும். ஒரு முழு இரவு வடக்கைத் தெற்கென்று எடுத்துக்கொண்டு, பொறுமையாக, மிகக் கவனமாக, அச்சைத் தவறான பக்கமே திருகிக்கொண்டிருந்தேன். ஐயா பார்த்துக்கொண்டே இருந்தார். விடியற்காலையில்தான் குழாயின் மேல் ஒரு விரலை வைத்து வடக்கே லேசாக அழுத்தினார். “இப்போ எந்தப் பக்கம் போச்சு? அதுக்கு எதிர்ப்பக்கம்தான் வடக்கு.” அடுத்த முறை பனி. லென்ஸ் மேல் படிந்ததை நள்ளிரவுக்கு மேல்தான் கவனித்தேன், அதுவரை எடுத்ததெல்லாம் வெறும் மூட்டம். அதற்கடுத்த முறை நட்சத்திரங்கள் எல்லாம் முட்டை வடிவம். எதிரெடையைத் துல்லியமாகச் சமன் செய்ததுதான் காரணம் என்று சொன்னபோது நம்ப முடியவில்லை. சமனாக இருந்தால் பற்சக்கரம் எந்தப் பல்லிலும் சாயாமல் ஆடும். கிழக்குப் பக்கம் ஒரு பொட்டு கனம் கூட வேண்டும். கிளட்சைத் தளர்த்திக் கையை எடுத்தால், குழாய் தயங்கித் தயங்கிக் கிழக்கே இறங்க வேண்டும். மறுபடியும் அதே பேக்லாஷ்.

ஒரு மார்ச் மாத அமாவாசையில் சிம்ம ராசியின் மூன்று கேலக்ஸிகளை எடுத்தோம். எம் 65, எம் 66, என்ஜிசி 3628. நமக்கு அவை உச்சந்தலைக்கு மேலேயே கடந்துபோகும், சுமார் மூன்றரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவு. மூன்று நிமிடப் படம் ஒன்றில் சாம்பல் கறைகள் தெரிந்தன, அவ்வளவுதான். இரவு முழுக்க எடுத்தோம். விடியும் வெளிச்சத்தில் ஐயாவின் பழைய வெள்ளை வேட்டியைக் குழாய் வாயில் இழுத்துக் கட்டி வெற்று வெள்ளைப் படங்களும் எடுத்தோம். லென்ஸ் தூசி, ஓர இருட்டு இரண்டையும் கணக்காகக் கழிக்க அவை உதவும். வீட்டில் எல்லாவற்றையும் அடுக்கி, ஒளியை மெல்ல உயர்த்தியபோது என்ஜிசி 3628இன் குறுக்கே தூசிப் பட்டை தெரிந்தது.

உயர்த்தும்போதே சந்தேகம் வந்துவிட்டது. அடுக்கி வரும் படம் கறுப்பாகத்தான் இருக்கிறது, நான்தான் வெளிச்சமாக்குகிறேன். இது டச்சப் இல்லையா? ஐயாவிடம் கேட்டேன். “முழுப் படத்துக்கும் ஒரே மாதிரி கை வச்சா அது டெவலப்பிங். ஒரு எடத்துல மட்டும் கை வச்சா டச்சப்” என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

2023 நவம்பரில் வியாழன் பூமிக்கு நெருங்கி வந்தபோது, நம் பக்கத்தில் நள்ளிரவில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நின்றது. காற்றின் தடிமன் மிகக் குறைவான இடம், கோள் படத்துக்கு வரம். ஆனால் டாப்சனுக்கு அதுதான் சபிக்கப்பட்ட மூலை, செங்குத்தாக நிற்கும் குழாயைப் பக்கவாட்டில் தள்ளவே முடியாது. மழை விட்ட ஓர் இரவில் கழுத்து வலிக்க வலிக்க எடுத்தேன். ஐயா திரையில் பார்த்துவிட்டு, “இத வெளிய அனுப்பு” என்றார்.

வெளியே என்றால் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகம் நடத்தும் பிவிஓஎல் போன்ற தொகுப்புகள். வானியலாளர்கள் தங்கள் ஆய்வுக்கு அமெச்சூர் படங்களை அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவில் அந்தோணி வெஸ்லி என்ற அமெச்சூர், தன் வியாழன் படத்தில் தென்துருவத்தருகே ஒரு கறுப்புக் கறையைக் கண்டார். துணைக்கோளின் நிழலோ என்று சரிபார்த்து, அல்ல என்று உறுதிசெய்துகொண்டு எல்லோருக்கும் அறிவித்தார். ஏதோ ஒன்று வியாழனில் மோதிய வடு அது. அழகு கெடுகிறது என்று அவர் அந்தக் கறையைத் துடைத்திருந்தால்?

நீங்களும் கோள்களைப் படமெடுக்க இறங்கினால் மூல வீடியோக்களை அழிக்காதீர்கள், வட்டு விலை எவ்வளவு ஆனாலும். கோப்பின் பெயரில் உலக நேரத்தை எழுதுங்கள். நம் கடிகார நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழித்தால் போதும். அதை மறந்தால், அந்த ஐந்தரை மணி நேரத்தில் வியாழன் 200 டிகிரி சுழன்றிருக்கும், உங்கள் பெருஞ்சிவப்புப் புள்ளி கோளின் மறுபக்கத்தில் போய் நிற்கும்.